கடிதத்தில் விடுபட்ட ஒரு வரி

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, மதுரையில் இருக்கிற பெரியம்மா மகள் (எனக்கு அக்கா) தன்னோட மேமோகிராம் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு: "ஏண்டி, நீதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிச்சுக்கிட்டு இருப்பியே, இதுல ரெண்டாவது வரி என்னன்னு பாரு. எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்க. ஆனா ஏதோ டென்ஸ்னு போட்டிருக்கு."

அக்காவுக்கு வயது 46. ரெண்டாவது வரி சொன்னது இதுதான்: மார்பகத் திசு அடர்த்தி, 'சி' வகை. அதுக்கு அடுத்த வரியில், சந்தேகப்படும்படி எதுவும் இல்லை.

இந்த அடர்த்தி வரியைப் பற்றித் தேட ஆரம்பித்தால், அதற்குப் பின்னால் நூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது. அந்த வரி டாக்டர்களுக்கு எப்போ தெரிந்தது, பெண்களுக்கு எப்போ தெரிந்தது, நடுவில் எத்தனை வருஷம் போனது என்பதுதான் கதை. படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில், அடர்த்தி என்றால் என்ன?

மார்பகத்துக்குள்ளே பால் சுரப்பிகள், அவற்றைத் தாங்கும் நார்த்திசு, இடையிடையே கொழுப்பு என மூன்றும் கலந்திருக்கும். எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை அதிகமாக இருந்தால் அதுதான் 'அடர்த்தியான மார்பகம்'. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மார்பகம் கெட்டியாக இருப்பதற்கும் பெரிதாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. படம் எடுத்தால்தான் தெரியும்.

இது நோய் இல்லை. 40 வயதைத் தாண்டிய பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். வயது ஏற ஏற, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, பலருக்கு அடர்த்தி குறையும்.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், புற்றுநோய்க் கட்டியும் எக்ஸ்ரேயில் வெள்ளைதான். வெள்ளை வேட்டியில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்தால் எப்படித் தேடுவீங்க? அதே மார்பகத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் நிறம் மாறிவிடும். சுரப்பித் திசு வெளிறித் தெரியும், கட்டி பெரும்பாலும் கறுத்துத் தெரியும். அதே வேட்டியில் மைத்துளி விழுந்த மாதிரி.

எக்ஸ்ரேக்கு முன்னுரிமை

1913ல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுவையில் அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, கட்டி படத்தில் எப்படித் தெரிகிறது என்று எழுதினார். மேமோகிராமின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். 1960ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் தெளிவான படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். 1963ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அறிகுறி எதுவும் இல்லாத பெண்களுக்கும் முன்கூட்டியே படம் எடுத்து, கையாலும் சோதித்துப் பார்த்தால் மார்பகப் புற்றுநோய் இறப்பு குறையும் என்று அந்த ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகு 'ஸ்கிரீனிங்' என்றாலே மேமோகிராம் என்று ஆகிவிட்டது.

அல்ட்ராசவுண்ட் பின்னால் வந்த கருவி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. ஜான் ஜூலியன் வைல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களின் குடல் வீங்கிப் போவதைப் பார்த்தவர். போருக்குப் பின் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போனார். குடல் சுவரின் தடிமனை வெளியிலிருந்தே அளக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. அங்கே கடற்படை விமானிகளுக்கு ரேடார் பயிற்சி கொடுக்க வைத்திருந்த 15 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்கருவி ஒன்று இருந்தது. அதில் குடல் துண்டை வைத்துப் பார்த்தார். சாதாரணத் திசுவிலிருந்தும் புற்றுத் திசுவிலிருந்தும் எதிரொலி வேறு வேறு மாதிரி வந்தது.

பிறகு ஜான் ரீட் என்ற இளம் மின்பொறியாளரைச் சேர்த்துக்கொண்டு, 1950களின் தொடக்கத்திலேயே உயிருள்ள பெண்களின் மார்பகக் கட்டிகளை ஒலியால் படம் பிடித்தார். கத்தி வைக்காமலேயே இது எந்த மாதிரிக் கட்டி என்று சொல்ல முடியும், ஒருநாள் இதை வைத்தே எல்லாப் பெண்களையும் சோதிக்கலாம் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. அதாவது ஈகனுடைய மேமோகிராம் முறைக்கு முன்னாடியே, மார்பகத்துக்கான அல்ட்ராசவுண்ட் பிறந்துவிட்டது!

ஆனால் நம்பிக்கை இருந்த அளவுக்குக் கருவியில் தெளிவு இல்லை. ஆஸ்திரேலியாவிலும் ஜப்பானிலும் பல குழுக்கள் முயன்றன. 1983ல் சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சிக்கிள்ஸ் குழு, அன்றைய நல்ல கருவிகளை வைத்து இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 64 புற்றுநோய்களில் மேமோகிராம் 97 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. அல்ட்ராசவுண்ட் 58 சதவீதத்தைத்தான். சின்னக் கட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அத்தோடு அல்ட்ராசவுண்ட் ஓரமாகப் போய் உட்கார்ந்தது. கட்டிக்குள் இருப்பது நீரா, திடமா என்று பார்க்க மட்டும் கூப்பிடுவார்கள்.

டெட்ராய்ட்டில் எழுந்த கேள்வி

இதற்கிடையில், 1976ல் டெட்ராய்ட் நகரத்தின் ரேடியாலஜிஸ்ட் ஜான் வுல்ஃப் ஒரு விஷயத்தைச் சொன்னார். மேமோகிராமில் கட்டியை மட்டும் பார்க்காமல், மார்பகம் மொத்தமாக எப்படி இருக்கிறது என்று பார்த்து அதை நான்கு வகையாகப் பிரித்தார். வெள்ளை அதிகமுள்ள வகைப் பெண்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் அதிகம் வருகிறது என்றார். நிறைய பேர் நம்பவில்லை. வெள்ளையில் மறைந்திருந்த கட்டி தாமதமாகத் தெரிவதைத்தான் நீங்கள் 'பின்னாளில் வந்தது' என்று எண்ணுகிறீர்கள் என்று மறுத்தார்கள். நியாயமான சந்தேகம்தான்.

இதைத் தீர்க்க வருஷக்கணக்கில் உழைத்தவர் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த நார்மன் பாய்ட். 2007ல் அவருடைய குழு வெளியிட்ட கணக்கு இது: படத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ அடர்த்தி உள்ளவர்களுக்கு, 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளவர்களைவிடப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 4.7 மடங்கு. 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்த 12 மாதத்துக்குள் புற்றுநோய் வெளிப்படுவதை மட்டும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 18 மடங்கு.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்க. அடர்த்தி ஆபத்தையும் கூட்டுகிறது, அந்த ஆபத்தைக் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்கிறது. 2002ல் நியூயார்க்கின் தாமஸ் கோல்ப் குழு 11,130 பெண்களின் பரிசோதனைகளை அலசியபோதும் இதுதான் தெரிந்தது. கொழுப்பு மிகுந்த மார்பகங்களில் மேமோகிராம் 98 சதவீதப் புற்றுநோய்களைப் பிடித்தது. மிக அடர்த்தியானவற்றில் 48 சதவீதம். பாதிக்கும் கீழே!

இதெல்லாம் யாருக்குத் தெரிந்தது? ஆய்விதழ் படிக்கிற டாக்டர்களுக்கு. 1990களிலிருந்து அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த 'பை-ராட்ஸ்' முறைப்படி டாக்டருக்குப் போகும் ரிப்போர்ட்டில் அடர்த்தி வகையும் எழுதப்பட்டது. 1998ல் வந்த அமெரிக்கச் சட்டத் திருத்தப்படி, பெண்ணுக்கும் எளிய மொழியில் முடிவைக் கடிதமாக அனுப்பியாக வேண்டும். கடிதம் போனது. ஆனால் அதில் அடர்த்தி வரி மட்டும் இல்லை. ஒரே படம், டாக்டருக்கு ஒரு ரிப்போர்ட், அந்தப் பெண்ணுக்கு வேறொரு கடிதம்.

நான்சி கேட்டது

கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த கல்வித்துறை அதிகாரி நான்சி கப்பெல்லோ. வருஷம் தவறாமல் மேமோகிராம் எடுப்பவர். 2003 நவம்பரிலும் எடுத்தார். நார்மல் என்று கடிதம் வந்தது. ஆறு வாரம் கழித்து வழக்கமான பரிசோதனையில் டாக்டர் கையில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. மறுபடி மேமோகிராம், அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் வைத்தார்கள். 2.5 சென்டிமீட்டர் கட்டி. மூன்றாம் கட்டத்தின் கடைசிப் படி. 13 நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது.

ஏன் மேமோகிராமில் தெரியவில்லை என்று கேட்டார். உங்களுக்கு அடர்த்தியான மார்பகம் என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை அவர் கேட்பது அப்போதுதான் முதல் தடவை. இதை ஏன் முன்னாடியே எனக்குச் சொல்லவில்லை என்பது அவருடைய அடுத்த கேள்வி. இனியாவது பெண்களிடம் சொல்லுங்கள் என்று அவர் டாக்டர்களிடம் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கணவர் ஜோசப்போடு சேர்ந்து மாநிலச் சட்டசபைக்குப் போனார்.

2005ல் கனெக்டிகட்டில், அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் செலவைக் காப்பீடு ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் தனக்கு அடர்த்தி இருப்பதே தெரியாத பெண் எப்படிப் போய்க் கேட்பாள்? அதனால் 2009ல் இரண்டாவது சட்டம்: அடர்த்தியைப் பெண்ணுக்கு அனுப்பும் கடிதத்திலேயே எழுத வேண்டும். அமெரிக்காவில் இப்படி வந்த முதல் சட்டம் இதுதான். வுல்ஃப் எழுதி 33 வருஷம் கழித்து.

எதிர்த்தவர்களை வில்லன்களாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அவர்களுடைய வாதம் இது: பாதிப் பெண்களுக்கு இப்படி ஒரு கடிதம் போனால் பயந்துபோய் எல்லோரும் அல்ட்ராசவுண்டுக்கு வருவார்கள். அதில் தெரிகிற நிழலில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவையாக இருக்கும். வீண் ஊசி, வீண் செலவு, வீண் தூக்கமின்மை. சொல்வதற்கு முன் நிரூபணம் வேண்டாமா?

நிரூபணம் வந்தது, விலையோடு

அல்ட்ராசவுண்ட் 1983ல் இருந்த மாதிரியே இருந்துவிடவில்லை. படத்தின் தெளிவு கூடியது. 1995ல் கொலராடோவின் தாமஸ் ஸ்டாவ்ராஸ் குழு 750 திடக்கட்டிகளைப் பார்த்து, எந்தெந்த அடையாளம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று விதிகள் வகுத்தது. உதாரணமா, அகலத்தைவிட உயரம் அதிகமுள்ள கட்டி சந்தேகத்துக்குரியது.

2004ல் வெண்டி பெர்க் தலைமையில் 21 மையங்களில் 'ஆக்ரின் 6666' என்ற ஆய்வு தொடங்கியது. அடர்த்தியோடு கூடவே வேறு ஆபத்துக் காரணமும் உள்ள பெண்கள் இதில் சேர்ந்தார்கள். 2008ல் முதல் முடிவு வந்தது. 1000 பெண்களில் மேமோகிராம் மட்டும் கண்டுபிடித்தது 7.6 புற்றுநோய், அல்ட்ராசவுண்டும் சேர்ந்தால் 11.8. ஆயிரத்துக்கு நான்கு பேர் கூடுதல். ஆனால் அல்ட்ராசவுண்டைப் பார்த்து பயாப்ஸி செய்யச் சொன்ன 100 பேரில் சுமார் 9 பேருக்குத்தான் உண்மையில் புற்றுநோய். மேமோகிராமில் அது சுமார் 23. ஆக, இரண்டு தரப்பும் சொன்னது சரிதான்.

அமெரிக்காவில் சட்டம் முந்திக்கொண்டு ஓட, ஆய்வு பின்னால் ஓடியது. ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே நாற்பதுகளிலேயே மார்பகப் புற்றுநோய் அதிகம். அந்த வயதில் அடர்த்தியும் அதிகம். செண்டாய் நகரின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொரியாகி ஒஹுச்சி குழு, 2007 முதல் 2011 வரை 40 முதல் 49 வயதுள்ள 72,998 பெண்களைச் சேர்த்தது. ஒரு பாதிக்கு மேமோகிராம் மட்டும், மறுபாதிக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்து. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்தார்கள்.

2016ல் லான்செட் இதழில் வந்த முடிவு:

மேமோகிராம் மட்டும் எடுத்த குழுவில் இருந்த புற்றுநோய்களில் 77 சதவீதம் பரிசோதனையில் பிடிபட்டது. இரண்டும் எடுத்த குழுவில் 91.1 சதவீதம். எண்ணிக்கையில் 117க்கு எதிராக 184. கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஆரம்பக் கட்டத்தில் இருந்தன.

நார்மல் என்று சொல்லி அனுப்பிய பிறகு, அடுத்த பரிசோதனைக்குள் தானாக வெளிப்பட்ட புற்றுநோய்கள் 35லிருந்து 18 ஆகக் குறைந்தன. நான்சிக்கு நேர்ந்தது இந்த வகைதான்.

விலை என்ன? நோயே இல்லாத 100 பெண்களில், மேமோகிராம் மட்டும் என்றால் சுமார் 9 பேர் வீணாகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது சுமார் 12 பேர்.

ஒன்றைக் கவனிக்கணும். இது அடர்த்தி உள்ளவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு இல்லை. நாற்பதுகளில் இருந்த எல்லா வகைப் பெண்களும் இருந்தார்கள். பிறகு அதே தரவில் ஒரு பகுதியைப் பிரித்துப் பார்த்தபோது, அடர்த்தி இல்லாதவர்களுக்கும் அல்ட்ராசவுண்ட் உதவியிருந்தது. அந்த 2016 அறிக்கை சொன்னது கண்டுபிடிப்பைப் பற்றித்தான், இறப்பைப் பற்றி இல்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பதால் எத்தனை உயிர் மிஞ்சுகிறது என்பது தனிக் கேள்வி. இதை வைத்துத்தான் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2024லும், அடர்த்தியான மார்பகத்துக்குக் கூடுதலாக அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

அல்ட்ராசவுண்டுக்குப் போட்டியும் வந்துவிட்டது. 2025ல் பிரிட்டனில் வெளியான 'பிரெய்ட்' ஆய்வில், மேமோகிராம் நார்மல் என்று வந்த, அடர்த்தியான மார்பகம் உள்ள 9,361 பெண்களைப் பார்த்தார்கள். தானியங்கி அல்ட்ராசவுண்ட் ஆயிரத்துக்கு 4.2 புற்றுநோயைக் கண்டுபிடித்தது. சுருக்கமான எம்.ஆர்.ஐ. 17.4, மருந்து ஏற்றி எடுக்கும் மேமோகிராம் 19.2. இந்த இரண்டுக்கும் நரம்பில் ஊசி போட்டு மருந்து ஏற்ற வேண்டும், செலவும் அதிகம். அல்ட்ராசவுண்டுக்கு ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, கருவி எந்த ஊரிலும் இருக்கும். ஆனால் பார்ப்பவரின் கைத்திறமையைப் பொறுத்துத்தான் எல்லாம். மேமோகிராமில் தெரிகிற நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளில் நிறைய இதில் தெரியாது. அதனால் மேமோகிராமோடு சேர்த்து எடுக்கலாம், அதற்குப் பதிலாக எடுக்க முடியாது.

கடிதம் வந்து சேர்ந்தது

நான்சி கப்பெல்லோ 2018 நவம்பரில் இறந்தார். புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சையின் பின்விளைவாக வந்த ரத்த நோய். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவர் கேட்ட மாதிரிச் சட்டம் வந்திருந்தது. அவர் இறந்து மூன்று மாதத்தில், நாடு முழுவதற்கும் இதை விதியாக்கச் சொல்லி மத்தியச் சட்டம் நிறைவேறியது. 2024 செப்டம்பர் 10லிருந்து அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கிற ஒவ்வொரு மையமும், மார்பகம் அடர்த்தியானதா இல்லையா என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியே ஆக வேண்டும்.

படித்து முடித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். அல்ட்ராசவுண்ட் எடுக்கணுமா வேண்டாமா என்பதில் நிபுணர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அது பரவாயில்லை, அறிவியல் அப்படித்தான் நகரும். ஆனால் 'எங்களுக்கே முடிவு தெரியாததால் உனக்குச் சொல்லவில்லை' என்பது வேறு விஷயம். ஆதாரம் போதாத இடத்தில்தான் முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெண். அவருக்குக் கையில் தகவலாவது வேண்டாமா?

நம்மூர் ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை, படமும் தாளும் ஒரே கவரில் நம் கைக்கே வந்துவிடுகிறது. வரி அதில் இருக்கும், இங்கிலீஷில். படித்துச் சொல்லத்தான் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. கடைசி இரண்டும் அடர்த்தி. உங்க ரிப்போர்ட்டை எடுத்து அந்த எழுத்து எதுவென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சி அல்லது டி என்றால், எனக்கு அல்ட்ராசவுண்ட் தேவைப்படுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மூர் ஸ்கேன் சென்டர்களில் 'சோனோ மேமோகிராம்' என்று போட்டிருப்பது அதுதான். எந்த எழுத்தாக இருந்தாலும் சரி, கையில் ஏதாவது தட்டுப்பட்டால் 'போன மாசம்தானே நார்மல்னு வந்தது' என்று இருந்துவிடாதீங்க.

அக்கா கேட்டாள். அவளுடைய அம்மா வழியில் ஒருத்தருக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்று சொன்னதும், எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாராம் டாக்டர். எடுத்ததில் இடது பக்கம் சின்னதாக ஒன்று தெரிந்தது. சாதாரணக் கட்டி மாதிரிதான் இருக்கு, ஆறு மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்ன அந்த 'வீண் கவலை' இப்போ அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

"கேக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுதாக்கா?" என்று போனில் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "ராத்திரியில தோணும். காலையில தோணாது. தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன். நீயும் ஒண்ணு எடுத்துடு, உனக்கும் வயசாகுதுல்ல."